சேலத்திலிருந்து புலிக்காட்டுக்கு: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏற்காட்டுல புலி இருக்குதா?" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. இல்லை என்றால் முகம் சுண்டிப்போகும். அதே கையோடு, சேலத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் புலி நடக்கும் மண்ணுக்குப் போய்விடலாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சத்தியமங்கலம் அவர்களுக்கு இன்னமும் வீரப்பன் காடுதான்.

நான் அந்தக் காட்டுக்குப் பதினோரு முறை போயிருக்கிறேன். புலியைப் பார்த்தது ஒரே முறை. அதுவும் பின்னங்காலும் வாலும்தான், நாலு விநாடி. மீதிப் பத்து முறையும் வீண் என்று நினைத்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், வண்டலூருக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். அந்தப் பத்து முறையில் என்னவெல்லாம் பார்க்கக் கிடைத்தது, அதற்கு எப்படித் தயாராவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: புலி இல்லாத மலையில் தொடங்குங்கள்

முதல் பயிற்சி ஏற்காட்டில். வார நாளில், விடியும் முன் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊருக்குள் போகாமல், எஸ்டேட்டுகள் வழியாகப் போகும் ஏதாவது ஒரு பொதுச் சாலையோரம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் பையில் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காது. பிறகு பறவைகள் பேசத் தொடங்கும். காதுக்கும் கண்ணுக்கும் அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. இந்த இருபது நிமிடம் உட்கார முடியாதவர் புலிக்காட்டுக்குப் போய்ப் பயனில்லை. என் மச்சான் ஏழாவது நிமிடத்தில் ரேடியோவைப் போட்டார். அவரை நான் மறுபடி கூட்டிப்போகவில்லை.

காப்பித் தோட்ட ஓரத்தில் காட்டெருமை நின்றாலும் நிற்கும். பனி விலகும்போது கறுத்த பாறை ஒன்று காதை ஆட்டும், அதுதான். நூறடி தள்ளியே நில்லுங்கள், வண்டியை விட்டு இறங்க வேண்டாம். எண்ணூறு கிலோ எடையுள்ள அந்தப் பிராணியை அடித்துத் தின்னத் துணிகிறது ஒரு விலங்கு என்பதை அங்கே வைத்து யோசித்துப் பாருங்கள்.

இப்போது கேள்வி. காட்டெருமை இருக்கிறது, நிழல் இருக்கிறது, குளிர் இருக்கிறது. புலி ஏன் இல்லை?

ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பெரிய விலங்குகள் இரையாக வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஐம்பதை எடுத்தாலும் குறையாமல் இருக்க, அங்கே ஐந்நூறு மான், மிளா (பெரிய வகை மான்), பன்றி, காட்டெருமை மேய வேண்டும். இது ஒரே ஒரு புலிக்கான கணக்கு. புலிகள் ஒரு கூட்டமாகத் தலைமுறை தலைமுறையாக நீடிக்க வேண்டுமென்றால், குட்டி போடும் நிலையில் குறைந்தது 20 பெண்புலிகள் தேவை, அவற்றுக்கு மனிதத் தொந்தரவில்லாத 800 முதல் 1,200 சதுர கிலோமீட்டர் காடு தேவை என்று புலிகள் பாதுகாப்பு ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அதைவிட மிகச் சிறியது. அதிலும் 1820-இல் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்து காடு தோட்டமாகிக்கொண்டே வந்திருக்கிறது. பிறகு பாக்சைட் வெட்டினார்கள். பிறகு விடுதி கட்டினார்கள்.

இடம் சிறியது என்பதைக்கூட மன்னிக்கலாம். புலி நடந்துபோகிற பிராணி. பக்கத்து மலைக்கு வழியிருந்தால் சின்ன மலையிலும் வந்து தங்கிப் போகும். இந்த மலைக்கு வழி இல்லை. தெற்கே சேலம் மாநகரம். மேற்கே மேட்டூர்க் காட்டுப் பக்கம் போகலாமென்றால் தொப்பூர்க் கணவாயில் நான்கு வழிச் சாலையும் ரயில் தடமும் குறுக்கே கிடக்கின்றன. அந்த இறக்கத்தில் லாரிகளே தப்பிப் பிழைக்கத் திண்டாடுகின்றன, விலங்கு என்ன செய்யும்? சேர்வராயன் மலை நாலு பக்கமும் ஊர் சூழ்ந்த தீவு. மலைமேல் ஓர் ஊருக்குக் கரடியூர் என்று பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு மலை இறங்கினால் போதும். புலி இருக்கும் காட்டில் நீங்கள் தேட வேண்டியது என்ன என்று பாதி தெரிந்துவிட்டது: இரை, இடம், வழி.

திரும்பும் வழியில் குழந்தைகள் இருந்தால் மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். மான்களைக் கூர்ந்து பாருங்கள். காது எப்படித் திரும்புகிறது, பயந்தால் வாலை எப்படித் தூக்குகிறது, காலை எப்படித் தரையில் தட்டுகிறது என்று. பின்னால் வேண்டும்.

படி 2: வரைபடத்தை மேற்குப் பக்கமாக விரியுங்கள்

சேலத்தில் விரல் வையுங்கள். மேற்கே நகர்த்தினால் மேட்டூர், கொளத்தூர், பாலமலை. இன்னும் போனால் அந்தியூர், பர்கூர் மலை. அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அதன் வடமேற்கில் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலை, மேற்கே மோயாற்றுப் பள்ளத்தைத் தாண்டினால் முதுமலை, பந்திப்பூர், வயநாடு, நாகரஹொளே. இடையில் ஊர்களும் சாலைகளும் இருந்தாலும் காடு அறுந்துவிடாமல் தொடர்கிறது. உலகத்திலேயே புலிகள் மிக அதிகமாகச் சேர்ந்து வாழும் நிலப்பரப்பு இதுதான். அதன் கிழக்கு வாசற்படி நம் வீட்டுப் பக்கம் இருக்கிறது.

தர்மபுரி 1965-இல் தனி மாவட்டமாகும் வரை அஞ்செட்டி, ஜவளகிரிக் காடெல்லாம் சேலம் ஜில்லாதான். புலியோடு பொருது செத்தவர்களுக்கு எடுத்த புலிக்குத்திக் கற்கள் கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. ஈட்டி ஒருவன் கையில், பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலி எதிரே. உங்கள் குலதெய்வக் கோயில் பக்கம் அப்படியொரு கல் மஞ்சள் பூசி நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

தமிழ்நாட்டில் புலிகள் காப்பகங்கள் ஐந்து: களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை. முதலாவது 1988-இல் அறிவித்தது, கடைசி 2021-இல். சேலத்துக்காரர்களுக்கு முதல் பயணத்துக்குச் சத்தியமங்கலம்தான் சரி. பக்கம், கூட்டம் குறைவு. சபாரி வசதி, தங்கும் இடம் என்று பார்த்தால் முதுமலை கை ஓங்கி நிற்கும். அங்கே கூட்டமும் ஓங்கித்தான் நிற்கும்.

சத்தியமங்கலத்தின் கதை தனி. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும்வரை அது துப்பாக்கிகளின் காடு. 2008-இல் சரணாலயம், 2011-இல் அதன் பரப்பு விரிந்தது, 2013 மார்ச்சில் 1,408 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகம். 2010-இல் புலி வாழும் 13 நாடுகள் கூடி, 2022-க்குள் காட்டுப் புலிகளை இரட்டிப்பாக்குவோம் என்று உறுதி எடுத்தன. அந்த இலக்கை எட்டியதற்காக 2022 ஜனவரியில் சர்வதேச விருது வாங்கிய இரண்டு இடங்களில் ஒன்று நேபாளத்தின் பர்தியா, இன்னொன்று நம் சத்தியமங்கலம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 25 புலிகள் 80 ஆயின. யாரும் லாரியில் கொண்டுவந்து இறக்கவில்லை. காடு தொடர்ச்சியாக இருந்தது, இரை பெருகியது, துப்பாக்கி குறைந்தது, அவையாக நடந்து வந்தன, குட்டி போட்டன.

படி 3: எப்போது போவது, யாரிடம் கேட்பது

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை நல்ல காலம். மழை முடிந்து புல் இருக்கும், தண்ணீரும் இருக்கும். பிப்ரவரிக்கு மேல் புதர் காய்ந்து பார்வை நீளும். விலங்குகள் குட்டைகளுக்கு வரும். பார்ப்பதற்கு அதுதான் தோது என்பார்கள், உண்மைதான். ஆனால் அதுவே காட்டுத்தீக் காலம். எந்த நாளும் சபாரியையும் நடைப்பயணத்தையும் நிறுத்திவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இறந்தவர்களில் ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. "மூடியிருக்கு" என்று வனத்துறை சொன்னால் வாதாடாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் ஒரே விதி: வனத்துறையின் வண்டியில், வனத்துறையின் பாதையில், வனத்துறையின் ஆளோடு. சத்தியமங்கலத்துக் காட்டில் ஆசனூரிலும் முதுமலையில் தெப்பக்காட்டிலும் துறையே சபாரி நடத்துகிறது. நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. புறப்படும் வாரத்தில் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். நடந்துபோக ஆசையிருந்தால், 2024-இல் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் அனுமதிக்கப்பட்ட பாதைகளுக்குப் பதிவு செய்யலாம். ஏற்காட்டுப் பக்கமும் பாதைகள் உண்டு.

தனியார் விடுதியில் "நைட் சபாரி கூட்டிப் போறோம்" என்று காதில் கிசுகிசுப்பார்கள். ஒருமுறை நானும் ஏமாந்தேன். பெயர் வேண்டாம். ஜீப்பில் ஏற்றி, தேடுவிளக்கைச் சுழற்றிக்கொண்டே போய், ஒரு புள்ளிமான் கூட்டத்தைக் கண் கூசவைத்து நிற்கவைத்தார்கள். கண் தெரியாமல் அவை ஒன்றோடொன்று மோதின. ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து நான் செய்த பாவம் அது. இது சட்டப்படி குற்றமும்கூட, பிடிபட்டால் டிரைவரோடு நீங்களும் நிற்க வேண்டும்.

படி 4: பை

மண் நிறம், இலைப் பச்சை, சாம்பல் நிறத்தில் உடை. வெள்ளை வேட்டி, சட்டை வேண்டாம். அத்தர், சென்ட் வேண்டாம், மல்லிகைப்பூவும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். பைனாகுலர் ஒன்று கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். கேமராவைவிட அது முக்கியம். பத்து ரூபாய் அளவுகோல் ஒன்று, ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன். தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம், போங்கள். ஆனால் காப்பக எல்லைக்கு வெளியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். குரங்குக்கு ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். போட்டால் அது சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும்.

படி 5: பாதை

சங்ககிரி, பவானி, கோபி வழியாகச் சத்தியமங்கலம் 120 கிலோமீட்டருக்குப் பக்கம். நேரடிப் பேருந்து வாய்க்காவிட்டால் பவானியிலோ ஈரோட்டிலோ மாறிக்கொள்ளலாம். சத்தி தாண்டினால் பண்ணாரி. அம்மன் கோயிலே காப்பகத்துக்குள்தான் இருக்கிறது; பங்குனிக் குண்டத்தின்போது பக்கமே போகாதீர்கள், கும்பிடத்தான் போகிறீர்கள் என்றால் சரி.

பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டைவிட ஏழு அதிகம், ஆனால் இங்கே காட்டுக்குள் காடாக ஏறுகிறோம். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது நடைமுறைக்கு வந்தபோது தாளவாடிப் பக்கத்து விவசாயிகள் கொதித்தார்கள். காய்கறி ஏற்றி இரவோடு இரவாகச் சந்தைக்கு அனுப்புகிறவர்களின் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுபக்கம், அந்தச் சாலையில் அடிபட்டுக் கிடந்த விலங்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு தடைக்குத்தான். முதுமலை வழியாகப் பந்திப்பூர் போகும் சாலையை 2009 முதலே இரவு 9 முதல் காலை 6 வரை மூடுகிறார்கள். ஊர் உலகம் பழகிக்கொண்டது.

திம்பத்துக்கு மேல் ஆசனூர், காரப்பள்ளம் வரை நீங்கள் பயப்பட வேண்டியது யானைக்கு. கரும்பு லாரிகளை நிறுத்திக் கரும்பு உருவிப் பழகிய யானைகள் சாலையில் நிற்கும். ஹாரன் அடிக்காதீர்கள், செல்பிக்கு இறங்காதீர்கள், பின்னால் வரும் வண்டிக்கு இடம் விட்டு நின்று, யானை போனபின் போங்கள்.

படி 6: தரையைப் படியுங்கள், பிறகு காதைத் தீட்டுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் செய்திகளில் சிறுத்தையைச் சிறுத்தைப்புலி என்று எழுதி, அடுத்த வரியில் புலியாக்கி, மறுநாள் "ஊருக்குள் புலி" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். புள்ளி இருந்தால் சிறுத்தை, வரி இருந்தால் புலி. வேங்கை என்றாலும் வரிப்புலிதான். மஞ்சள் வேங்கைப்பூ கொட்டிய பாறையைப் புலிக்குட்டி என்று நினைத்து மிரண்ட பழைய பாட்டு மரபு நம்முடையது. அந்த உவமை சிறுத்தைக்குப் பொருந்தாது.

தடம். ஈரப் பாதையில், குட்டை ஓரத்தில் பாருங்கள். நாய்த் தடத்தில் நகம் பதியும், பூனைக் குடும்பத்துக்கு நடக்கும்போது நகம் உள்ளே மடங்கியிருப்பதால் பதியாது. உள்ளங்காலின் பின்புறம் மூன்று மடிப்பாக இருக்கும். இங்கே அளவுகோலை எடுங்கள். வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம். புலியின் முன்னங்கால் 12-க்கு மேல் போகும். ஆண்புலித் தடம் ஏறக்குறையச் சதுரத்தில் அடங்கும், பெண்ணுடையது கொஞ்சம் நீண்டு விரல் கூர்மையாக இருக்கும். முதல்முறை என் உள்ளங்கையை ஒன்றின் மேல் காற்றிலேயே வைத்துப் பார்த்தேன். கை போதவில்லை. சபாரி வண்டியிலிருந்து இறங்க விட மாட்டார்கள், ஆகவே அளவெடுப்பதெல்லாம் துறை ஆள் கூட வரும் நடைபாதையில்தான்.

மரம். ஆளுயரத்துக்கு மேல் பட்டை நீளவாட்டில் கிழிந்திருந்தால் நகக்கீறல். கரடியும் கீறும், ஆனால் ஏறி இறங்கிய குறிகள் மேலே தொடரும். பாதை நடுவில் பின்னங்காலால் சுரண்டிய பள்ளம், அதன் மேல் எச்சம், எச்சத்தில் மான் முடி. இதெல்லாம் ஒரு புலி இன்னொரு புலிக்கு எழுதிய கடிதம். பாதையோர மரத்தில் பின்பக்கமாகத் திரும்பி நின்று ஒரு திரவத்தையும் பீய்ச்சும். பாசுமதி அரிசிக்கு மணம் கொடுக்கும் அதே வேதிப்பொருள் அதில் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அனுபவசாலிகள் மூக்கை உறிஞ்சியே சொல்லிவிடுவார்கள். எனக்கு ஒரே ஒருமுறை கிடைத்தது. காட்டு நடுவில் பிரியாணிக் கடை வாசம்.

அடுத்தது ஒலி. புலி சத்தமில்லாமல் வரும், அதைப் பார்த்தவர்கள் சத்தம் போடுவார்கள். மரத்து மேலிருந்து மந்தி கர்ர்ரென்று இருமுவது முதல் எச்சரிக்கை. புள்ளிமான் கூர்மையாகக் கூவும். ஆனால் அது பயந்தாங்கொள்ளி, செந்நாய்க்கும் கத்தும், சந்தேகத்துக்கும் கத்தும். கேளையாடு என்னும் சின்ன மான் நாய் மாதிரிக் குரைக்கும். மிளா அப்படியில்லை. கண்ணால் பார்க்காமல் அது வாய் திறப்பது அபூர்வம். "ஙாங்ங்" என்று ஒருமுறை அடித்தொண்டையில் எழுப்பி, வாலைத் தூக்கி, முன்னங்காலைத் தரையில் தட்டினால் டிரைவர் இன்ஜினை அணைத்துவிடுவார். நீங்களும் மூச்சை அணைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு விநாடி எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஆசனூர்ப் பக்கம், காலை ஏழு மணி இருக்கும். மிளா இரண்டு முறை கத்தியது. கூட வந்த காவலர், "பெரியவரு நடக்கறாருங்க சாமி, பேசாதீங்க" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. உண்ணிச்செடிப் புதர் ஒன்று அசைந்தது. வரி விழுந்த தொடை ஒன்று நகர்ந்து போனது, வால் கடைசியாக.

அந்த உண்ணிச்செடியையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து அழகாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தது. அது மூடிய இடத்தில் புல் முளைக்காது, புல் இல்லாவிட்டால் மான் வராது, மான் வராவிட்டால் புலி பட்டியைத் தேடி ஊருக்கு வரும். சீமைக்கருவேலமும் மஞ்சக்கொன்னையும் இதே வேலையைச் செய்கின்றன. துறை வெட்டி எடுக்கிறது. வெட்டிய உண்ணிக் கம்பில் பழங்குடி மக்கள் நாற்காலி, ஆளுயர யானை எல்லாம் முடைகிறார்கள். பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள நாலைந்து பயணம் ஆனது.

படி 7: நேருக்கு நேர் வந்துவிட்டால்

வண்டிக்குள் இருந்தால் அசையாமல் இருங்கள், அவ்வளவே. நடந்துபோகும்போது என்றால்: ஓடக் கூடாது, குனியவோ உட்காரவோ கூடாது. நிமிர்ந்து நின்ற மனிதனைப் புலி இரையாகப் பார்ப்பதில்லை. குனிந்தவன் நாலுகால் பிராணி மாதிரித் தெரிவான். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், எல்லோரும் ஒட்டி நில்லுங்கள், முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். குட்டியைப் பார்த்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. புதர் மறைவில் ஒதுங்கப் போவது மிக ஆபத்தான பழக்கம், ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

படி 8: எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

நாலு ஆண்டுக்கு ஒருமுறை "புலிகள் கூடிவிட்டன" என்று செய்தி வரும். 2006-இல் நாடு முழுக்க 1,411. 2010-இல் 1,706, 2014-இல் 2,226, 2018-இல் 2,967, 2022-இல் 3,682. தமிழ்நாட்டில் 76-இல் தொடங்கி 306-க்கு வந்திருக்கிறோம்.

முன்பெல்லாம் தடத்தைக் கண்ணாடியில் வரைந்தும் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்தும் எண்ணினார்கள். ஒரே புலி இரண்டு பதிவேட்டில் ஏறிக்கொள்ளும். ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் ஏட்டில் புலி இருந்தது, காட்டில் ஒன்றுகூட இல்லை என்று 2005-இல் அம்பலமானபோது நாடே அதிர்ந்தது. 1973 ஏப்ரல் 1-இல் 9 காப்பகங்களோடு தொடங்கிய புலிகள் திட்டத்துக்கு அது பெரிய அவமானம். அதற்குப் பிறகுதான் 2006-இல் சட்டத்தைத் திருத்தி, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்து, எண்ணும் முறையையே மாற்றினார்கள்.

இப்போது காட்டை இரண்டு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி தானியங்கிக் கேமரா, பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில். இரண்டு எதற்கு என்றால், புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது, நம் கைரேகை போல. 2018-இல் 26,838 இடங்களில் கேமரா வைத்து மூன்றரைக் கோடிப் படங்களுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தார்கள். அதற்குக் கின்னஸ் சாதனைச் சான்று கிடைத்தது. கேமராவுக்கு முன்பே பீட் காவலர்கள் கால்நடையாகச் சுற்றித் தடமும் எச்சமும் பதிவார்கள், விடியற்காலையில் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து மான்களை எண்ணுவார்கள். சில கணக்கெடுப்புகளில் தன்னார்வலர்களையும் சேர்க்கிறார்கள். கோட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள், சபாரியைவிட நூறு மடங்கு கற்றுக்கொள்ளலாம்.

செய்தியில் மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் காட்டில் கூடியது, எதில் காணாமல் போனது என்று பாருங்கள். ஒரே இடத்தில் குவிந்த புலிகளுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் அது ஊருக்குள் பிரச்சினையாக முடியும்.

படி 9: காட்டு மனிதர்களிடம் பேசுங்கள்

ஆசனூர், கேர்மாளம், தலமலைப் பக்கம் சோளகர், ஊராளி, இருளர் மக்கள் புலிகளோடுதான் வாழ்கிறார்கள். சோளகர்களுக்கு ஹுலிவீரப்பா என்று புலித் தெய்வமே உண்டு. டீக்கடையில் உட்கார்ந்தால் பேசுவார்கள். "ஏனுங்க, பயமா இல்லீங்களா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "ஆனைக்குத்தாஞ் சாமி பயம். அது வந்தா ராகி போயிரும்" என்றார். 2006 வன உரிமைச் சட்டப்படி இவர்களின் சம்மதமில்லாமல் காப்பகத்திலிருந்து வெளியேற்ற முடியாது. அண்டையிலுள்ள பிலிகிரி ரங்கன் மலையில் 2011-இல் சோளகர்களின் கூட்டு உரிமையை அங்கீகரித்தார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் அங்கே புலி குறையவில்லை. ஆளை அகற்றினால்தான் புலி பிழைக்கும் என்று சேலத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்வது வழக்கம்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமும் பேசுங்கள். பெரும்பாலும் இதே ஊர்ப் பிள்ளைகள். இரவில் யானைக்கு நடுவே முகாமில் தூங்கி, பகலில் சுருக்குக் கம்பி தேடி நடப்பவர்கள். பன்றிக்கு வைத்த கம்பி, வருவது புலி என்று பார்த்துச் சும்மா இருக்காது. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கத்தை நடுங்கவைத்த டி23 புலியை, உடனே சுட வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபின், 21 நாள் தேடி அக்டோபர் 15-இல் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்த 21 நாளும் புதருக்குள் முதலில் நுழைந்தவர்கள் இவர்கள்தான்.

மறுபக்கமும் உண்டு. 2023-இல் நீலகிரி அவலாஞ்சி அருகே மாட்டை இழந்த ஒருவர் சடலத்தில் விஷம் வைக்க, இரண்டு புலிகள் செத்தன. மாட்டுக்கு உரிய பணம் தாமதமில்லாமல் கைக்கு வந்தால் விஷம் வைக்கிற கை கொஞ்சமாவது யோசிக்கும் என்பது என் எண்ணம்.

படி 10: வீட்டுக்கு வந்த பின்

படங்களைப் போடும்போது இடத்தின் பெயரையும் குறியீட்டையும் நீக்குங்கள். நீங்கள் பார்த்த குட்டையை வேறு ஆட்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பீரோவைத் திறந்து பாருங்கள். தாத்தா காலத்துப் புலிநகச் சங்கிலி நம் பக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைக்குக் காத்து கருப்பு அண்டாது என்று போட்டுவிடுவார்கள். உண்மையான நகத்தை உரிய சான்று இல்லாமல் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டுச் சிறை. விற்பதும் வாங்குவதும் எப்படியும் குற்றம். எங்கள் வீட்டில் இருந்தது மாட்டுக்கொம்பில் சீவியது என்று தெரிந்தபோது என் அப்பாவுக்குத்தான் நிம்மதி, அப்பத்தாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

கடைசியாக, ஒரு வேலை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. அதற்குப் பின் ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலைக் காட்டில் ஏறத்தாழ 805 சதுர கிலோமீட்டருக்குத் தந்தை பெரியார் சரணாலயம் வந்தது. சத்தியமங்கலத்துப் புலி மாதேஸ்வரன் மலை வழியாகக் காவிரிக் கரைக்கு நடந்து வர இவைதான் பாலம். உள்ளூர் மேய்ச்சல்காரர்களுக்கு, அதுவும் பர்கூர் மாட்டைப் பட்டி போட்டு வளர்ப்பவர்களுக்கு, இதில் நியாயமான கவலைகள் உண்டு. அவற்றைக் கேட்காமல் இந்தப் பாலம் நிற்காது. நாலு ஆண்டுக் கணக்குப்படி அடுத்த புலிக் கணக்கெடுப்பு 2026-இல். அறிக்கை கையில் கிடைத்ததும் நான் முதலில் புரட்டப்போவது இந்த இரண்டு சரணாலயங்களின் பக்கத்தைத்தான். மேட்டூருக்கு மேற்கே புதிதாக ஒரு வரி கேமராவில் விழுந்திருக்கிறதா என்று நீங்களும் அதையே முதலில் பாருங்கள்.